குதிரையின் மனத்தை வென்ற அமீர்

முஹ்யித்தீன் என்றோ அப்துல் காதிர் என்றோ பெயர் கொண்ட ஒருவர் இல்லாத முஸ்லிம் தெருவை நம் பக்கங்களில் காண்பது அரிது. பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் மீது நம் முன்னோர் வைத்திருந்த பற்று அது. அதே பற்று கடல் கடந்து ஆப்பிரிக்காவின் வட கரையிலும் வேரூன்றியிருந்தது. அல்ஜீரியாவின் மேற்கே, மஸ்காரா என்னும் ஊருக்கு அருகில், காதிரிய்யா தரீக்காவின் ஷைகாக விளங்கிய ஸெய்யிது முஹ்யித்தீன் அவர்களுக்கு 1808-ஆம் ஆண்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்கு அப்துல் காதிர் என்று பெயரிட்டார்கள்.

அந்தக் குழந்தையே பிற்காலத்தில் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ என்று உலகம் அறிந்த பெருந்தகை. பிரெஞ்சுப் பேரரசை எதிர்த்துப் பதினைந்து ஆண்டுகள் போர் புரிந்ததையும், சிறையிருந்ததையும், திமிஷ்கு நகரில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ மக்களைக் கலகக்காரர்களிடமிருந்து காத்ததையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். இங்கு நாம் சொல்ல வருவது அந்த வாழ்க்கையின் ஊடே ஓடிய வேறொரு இழை. அமீர் அவர்களுக்கும் குதிரைக்கும் இருந்த உறவுதான் அது. அடங்காத ஓர் உயிரை அடிக்காமல் தன்வசமாக்குவது எப்படி என்பதை அறிந்த ஒரு சமுதாயத்தில் அவர்கள் பிறந்தார்கள். அந்த அறிவை எழுத்திலும் விட்டுச் சென்றார்கள்.

சிறுவயதிலேயே அவர்கள் குர்ஆனை மனனம் செய்துவிட்டார்கள். தாயார் லல்லா ஸஹ்ரா அம்மையார் கற்றறிந்த மாது. தந்தையார் நடத்திய மதரஸாவில் ஃபிக்ஹும் ஹதீஸும் ஓதிய அதே நாட்களில் வெளியே மைதானத்தில் குதிரையேற்றமும் நடந்தது. கிதாபு ஒரு பக்கம், கடிவாளம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அந்த மக்களிடம் இல்லை. குதிரையைப் பராமரிப்பதும் நிய்யத்துச் சரியாயிருந்தால் வணக்கமே என்று அவர்கள் கற்றிருந்தார்கள். அல்லாஹ்வின் பாதையில் கட்டி வளர்க்கப்பட்ட குதிரை, உரிமையாளன் எண்ணாமலே போகிற வழியில் ஓர் ஆற்றில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாலும் அதற்கும் அவனுக்கு நன்மை எழுதப்படுகிறது என்பது ஸஹீஹான ஹதீஸின் கருத்தல்லவா!

இளமையில் அமீர் அவர்களின் குதிரையேற்றத்தைப் பற்றி, பிற்காலத்தில் அவர்களைத் திமிஷ்கில் சந்தித்து வரலாறு எழுதிய சர்ச்சில் என்ற ஆங்கிலேயப் படையதிகாரி வியந்து எழுதியிருக்கிறார். ஓடும் குதிரையின் மேல் அங்கவடியிலிருந்து கால்களை எடுத்துக்கொண்டு, சேணத்தின் மீது எழுந்து நின்று குறி தவறாமல் சுடுவார்களாம். அவர்களின் கை இலேசாகப் பட்டதும் குதிரை முழங்கால் மடிக்கும். முன்னங்கால்களை உயர்த்திப் பின்னங்கால்களால் சில கஜ தூரம் நடக்கும். மானைப் போல் துள்ளும். இதில் நாம் கவனிக்க வேண்டியது வித்தையை அல்ல. முழு ஓட்டத்தில் ஒருவர் சேணத்தின் மேல் நிற்க வேண்டுமானால், கீழே இருக்கும் குதிரை ஒரு கணமும் மிரளாது என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும். மேலே இருப்பவர் தனக்குத் தீங்கு செய்யமாட்டார் என்ற உறுதி குதிரைக்கும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது உறுதி சாட்டையால் வருவதில்லை.

ஜட்கா வண்டிக் குதிரையைச் சாட்டையோடு சேர்த்தே பார்த்துப் பழகிய தலைமுறைக்கு இது புதுமையாகத் தோன்றலாம். குதிரையின் முரட்டுத்தனம் என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி அச்சம்தான். மாமிசம் தின்னும் மிருகங்களுக்கு இரையாகாமல் ஓடித் தப்பிக்கும்படி படைக்கப்பட்ட பிராணி அது. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னால் வருவதையும் நெற்றிக்கு மிக அருகில் நேர் முன்னால் இருப்பதையும் பார்க்காது. எனவே பின்னாலிருந்து திடீரென்று நெருங்குகிறவன் உதைபடுகிறான். முகத்துக்கு நேரே கையை நீட்டுகிறவன் குதிரையை மிரளச் செய்கிறான். தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு, நிதானமாக வருகிறவனை அது ஏற்றுக்கொள்கிறது. புதிதாக வந்த குதிரை துள்ளுகிறது, கடிக்க வருகிறது என்றால், இந்த இடத்தில் யாரை நம்புவது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

அமீர் அவர்கள் வளர்ந்த நாட்டில் இந்த நம்பிக்கையைக் குட்டிப் பருவத்திலேயே ஊட்டத் தொடங்கினார்கள். பால் மறந்த குட்டி கூடாரத்தின் வாசலிலேயே வளரும். ஒட்டகப் பால் கொடுப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதன் அருகிலேயே நடமாடுவார்கள். தங்கள் உணவில் ஒரு பிடி அதற்கும் கொடுப்பார்கள். பதினெட்டு மாதம் ஆனதும் அதன் முதுகில் முதன்முதலாக ஏறுவது படைவீரனல்ல, ஒரு சிறு பையன். தண்ணீர் காட்டவும் மேய்ச்சலுக்கும் அவன் அதன்மேல் ஏறிப் போய் வருவான். வாயில் கடுமையான இரும்பு கிடையாது; வெறும் தலைக்கயிறு அல்லது இலேசான கடிவாளம்தான். பையன் சவாரி கற்கிறான். குட்டி பாரம் சுமக்கக் கற்கிறது. இருவருக்கும் ஒரே பாடசாலை!

இரண்டு வயது கடந்த பிறகே முறையான கடிவாளமும் சேணமும். அதிலும் என்ன பக்குவம் பாருங்கள். வாயில் வைக்கும் இரும்பின் மேல் ஆட்டு ரோமத்தைச் சுற்றி, அதை உப்புநீரில் நனைத்து வைப்பார்கள். இரும்பு ஈறில் படாது, புண்ணாகாது. உப்புச் சுவைக்காகக் குட்டியே அதை நாவால் தேடும். வேண்டாததைத் திணிக்காமல், வேண்டும் என்று அதையே விரும்ப வைக்கிறார்கள். கடிவாளம் பழகிய பின்னர்தான் சேணம். ஒவ்வொன்றும் பழகிய பிறகே அடுத்தது.

சவாரிக்காரன் இறங்கிப் போனாலும் குதிரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதற்கு வேறொரு பாடம். கடிவாள வாரைத் தலைக்கு மேலாக எடுத்துத் தரையில் போட்டுவிடுவார்கள். குட்டி நகர முயலும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் ஆள் அந்த வாரை மிதிப்பான். வாயில் ஒரு வெட்டு விழும், குட்டி நின்றுவிடும். சில நாட்களில் ஆள் தேவையில்லை. வார் தரையில் கிடந்தால் போதும், நாள் முழுக்க அங்கேயே நிற்கும்.

எல்லாமே மென்மைதான் என்று சொல்லிவிடுவது உண்மையாகாது. அந்நாட்டுச் சவாரிக்காரர்களின் குதிமுள் நீளமானது, கூரானது. முழு வளர்ச்சியடைந்த குதிரையின் கடிவாளமும் கடுமையானதே. போரில் ஒரு நொடி தாமதம் உயிரைப் பறிக்கும் என்பது அவர்களின் நியாயம். நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குதிமுள்ளுக்கு முன்னால் கழிந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் பொறுமையைத்தான்.

இந்தப் பொறுமைக்கு மூலம் எங்கே என்று கேட்டால் ஸீரா நூல்களைத்தான் காட்ட வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதன்முதலில் சொந்தமாக்கிக்கொண்ட குதிரை, மதீனாவில் பனூ ஃபஸாரா கோத்திரத்து நாட்டுப்புற அரபி ஒருவரிடம் பத்து ஊக்கியா வெள்ளிக்கு வாங்கியதாகும். விற்றவர் அதற்கு வைத்திருந்த பெயர் ளரிஸ். முரட்டுக் குணமுள்ளது, எளிதில் வசப்படாதது என்பது அதன் பொருள். அண்ணலார் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, ஸக்ப் என்று பெயரிட்டார்கள். தண்ணீர் பொழிந்து ஓடுவது போன்ற ஓட்டமுடையது என்று பொருள். அதன் மீதேறித்தான் உஹதுப் போருக்குச் சென்றார்கள். முரடு என்று முத்திரை குத்தப்பட்டு வீட்டுக்கு வந்த ஒரு பிராணிக்கு அவர்கள் முதலில் கொடுத்தது நல்ல பெயர்!

மற்றொரு முறை மதீனாவில் இரவில் ஏதோ பேரொலி கேட்டு மக்கள் பதறினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையை வாங்கிச் சேணமும் இல்லாமல் ஏறி, எல்லோருக்கும் முன்னால் சென்று பார்த்துத் திரும்பினார்கள். அது மந்தமான குதிரை என்று பெயரெடுத்தது. திரும்பி வந்தவர்கள் அதைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு அதை எந்தக் குதிரையும் முந்தவில்லை என்று ஹதீஸில் வருகிறது. தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையாலேயே துடைத்துவிட்டதாகவும் வருகிறது. பிராணியின் முகத்தில் அடிப்பதையும் சூடு போடுவதையும் தடுத்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தில் ஏறி அதை இப்படியும் அப்படியும் இழுத்தபோது, மென்மையைக் கைக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொன்னார்கள். தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் ஆட்கள் சூழ இருந்தும் தம் குதிரைக்குரிய வாற்கோதுமையைத் தம் கையாலேயே கல் பொறுக்கிச் சுத்தம் செய்ததும் இதே வழியில்தான். தீனி வைக்கும் கையைக் குதிரை மறப்பதில்லை. வேலையாளை ஏவிவிட்டு நம்பிக்கையை மட்டும் எசமானர் பெற முடியாது.

1825-இல் தந்தையாருடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இளைஞர் அப்துல் காதிர், பக்தாது வரை சென்று ஆண்டகையின் தர்பாரையும் ஸியாரத்து செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். 1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது. 1832-இல் ஓரான் நகரின் அருகே, கன்குந் நிதாஹ் என்னுமிடத்தில் நடந்த சண்டையில், தந்தையாரின் தலைமையில் அவர்கள் குதிரை மீதிருந்து போரிட்டார்கள். அன்று அவர்கள் ஏறியிருந்தது செந்நிறக் குதிரை. எதிரிகளால் அது எட்டுக் காயங்கள் பட்டும் முனகவுமில்லை, வழி மாறித் திரும்பவுமில்லை என்று அந்தப் போரைப் பற்றித் தாம் பாடிய கவிதையில் அமீர் அவர்கள் குறித்திருக்கிறார்கள். ஒரு போர்வீரர் தம் வெற்றியைப் பாடும்போது குதிரையின் காயங்களை எண்ணி வைத்திருந்தார் என்பதே நமக்குப் போதுமான செய்தி. அச்சத்தால் மட்டும் கட்டுப்பட்ட குதிரை, முதல் காயத்தில் அதைவிடப் பெரிய அச்சத்துக்குக் கட்டுப்பட்டு ஓடிவிடும்.

அவ்வாண்டு நவம்பரில் கோத்திரத்தார் கூடி அவர்களின் கையில் பைஅத்து செய்தார்கள். அப்போது வயது இருபத்துநான்கு. 1834-இல் ஓர் உடன்படிக்கை, 1837-இல் தஃப்னா உடன்படிக்கை, 1839-இல் மீண்டும் போர். கோட்டைகளை ஒவ்வொன்றாக இழந்தபோது தலைநகரையே கூடாரங்களின் மேல் ஏற்றி, இடம் விட்டு இடம் நகர்ந்தார்கள். அந்த நடமாடும் நகரத்துக்கு உயிர்நாடியே குதிரைதான். தேசத்தின் குதிரைகளை எதிரிப் படைக்கு விற்கக் கூடாதென்று கடுந்தடை விதித்திருந்தார்கள். 1843-இல் அவர்கள் அங்கில்லாத வேளையில் பிரெஞ்சு மன்னரின் மகன் ஒமால் பிரபு அந்தக் கூடார நகரைத் தாக்கிக் கைப்பற்றினான். அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் தாக்குப் பிடித்தார்கள். பயிர்களும் களஞ்சியங்களும் எரிக்கப்பட்டு, மக்கள் பட்ட துயர் பொறுக்க முடியாத எல்லையை எட்டியது. 1847 டிசம்பரில், கிழக்கு நாடொன்றுக்குச் சென்று வாழ அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் போரை நிறுத்தினார்கள். அப்போது தம் குதிரையையும் அதே ஒமால் பிரபுவிடம் ஒப்படைத்தார்கள்.

வாக்கு மீறப்பட்டது. இஸ்கந்தரிய்யாவுக்கோ அக்காவுக்கோ போக வேண்டியவர்களை பிரான்சின் துலோன் கோட்டையில் இறக்கினார்கள். பிறகு போ நகரம், அதன்பின் ஆம்புவாஸ் கோட்டை. குடும்பத்தாரும் உடன்வந்தோருமாகப் பலர் அந்தக் குளிரில் மடிந்தார்கள். அவர்களின் கப்ருகள் ஆம்புவாஸ் தோட்டத்தில் இருக்கின்றன. பாலைவெளியில் குதிரை மேல் வாழ்ந்தவர்கள் கல் சுவர்களுக்குள் தொழுகையிலும் ஓதலிலும் ஐந்தாண்டுகளைக் கழித்தார்கள்.

அந்தச் சிறையில்தான் குதிரை மீண்டும் அவர்களைத் தேடி வந்தது, காகிதத்தின் வழியாக! யூஜேன் தோமா என்ற பிரெஞ்சுத் தளபதி, முன்பு மஸ்காராவில் அமீரிடம் தூதராக இருந்தவர். சஹாராவின் குதிரைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த அவர், தம் ஐயங்களைக் கேள்விகளாக எழுதி அமீருக்கு அனுப்பினார். குட்டியை எப்படிப் பழக்குவது, எத்தனை நாள் பயணம் தாங்கும், என்ன தீனி, எந்த நிறம் நல்லது என்றெல்லாம் கேள்விகள். தம் குதிரைகளை விற்கவும் தடை விதித்திருந்த தலைவர், தம்மைச் சிறை வைத்த தேசத்தின் அதிகாரிக்கு ஒளிவுமறைவின்றி, ஹதீஸ்களையும் அரபிகளின் அனுபவத்தையும் எடுத்துக்காட்டி விடை எழுதினார்கள். எதிரிக்கு ஏன் இத்தனை விளக்கம் என்று சிலர் நினைக்கக்கூடும். கேட்கப்பட்ட கல்வியை மறைக்கக் கூடாது என்ற ஆலிமின் பழக்கம் இதில் முந்திக்கொண்டது என்றே எமக்குத் தோன்றுகிறது.

அந்த விடைகளில் ஒன்று: உடல்நலமுள்ள குதிரைக்குத் தேவையான அளவு வாற்கோதுமை கிடைத்தால், நாளொன்றுக்கு 16 பர்ஸக், அதாவது எண்பது கிலோமீட்டருக்குக் குறையாமல், மூன்று நான்கு மாதங்கள் ஓய்வு நாளின்றிச் செல்லும் என்பது. இந்தக் கணக்கில் தீனி என்ற நிபந்தனை முதலில் வருவதைக் கவனியுங்கள். உரிமை கொடுத்த பிறகே உழைப்பைக் கேட்கிறார்கள். மேலே நாம் சொன்ன பழக்கும் முறைகள் பலவும் தோமாவின் நூலில் பதிவானவையே. அமீரின் விளக்கங்களும் அதன் பிந்திய பதிப்புகளில் சேர்ந்து அச்சாயின. ஐரோப்பாவில் குதிரை வளர்ப்போர் அதை நெடுங்காலம் படித்தார்கள்.

1852 அக்டோபரில், பிரான்சின் ஆட்சித் தலைவராயிருந்த லூயி நெப்போலியன் தாமே ஆம்புவாஸுக்கு வந்து விடுதலையை அறிவித்தார். பாரிஸுக்கு அழைத்துப்போய், வெண்ணிற அரபுக் குதிரை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஐந்தாண்டுச் சிறைக்குப் பின், வயது நாற்பத்துநான்கில், முன்பின் அறியாத ஒரு புதிய குதிரை! அதில் ஏறிப் படை அணிவகுப்பில் அமீர் அவர்கள் கலந்துகொண்டார்கள்.

1853-இல் துருக்கியின் புர்ஸா நகரம் சென்று, 1855-இல் திமிஷ்குக்குக் குடிபெயர்ந்தார்கள். உமையாக்களின் பெரிய பள்ளிவாசலில் பாடம் சொன்னார்கள். 1860 ஜூலையில் கலகம் மூண்டபோது, தம்முடனிருந்த அல்ஜீரிய வீரர்களைத் தெருத் தெருவாக அனுப்பியும் தாமே முன்னின்றும் கிறிஸ்தவ மக்களை மீட்டுத் தம் இல்லத்தில் அடைக்கலம் கொடுத்தார்கள். வாசலில் திரண்டு நின்று அவர்களை ஒப்படைக்கச் சொன்ன கூட்டத்தின் முன்னும் அவர்கள் பின்வாங்கவில்லை. எட்டுக் காயம் பட்டும் திரும்பாத செந்நிறக் குதிரையின் சவாரிக்காரர் அல்லவா!

1883 மே 26-ஆம் நாள் திமிஷ்கை அடுத்த தும்மரில் வஃபாத்தானார்கள். ஷைகுல் அக்பர் இப்னு அரபி (ரஹ்) அவர்களின் அருகே நல்லடக்கம் நடந்தது. அல்ஜீரியா விடுதலையடைந்த பின் 1966-இல் அவர்களின் உடல் எச்சங்கள் தாயகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவர்களின் மைந்தர் முஹம்மது அவர்கள் தந்தையாரின் வரலாற்றை அரபியில் விரிவாக எழுதினார்கள். அதோடு குதிரைகளைப் பற்றியும் தனியே ஒரு நூல் இயற்றினார்கள். இக்துல் அஜ்யாத் ஃபிஸ் ஸாஃபினாத்தில் ஜியாத் என்பது அதன் பெயர். கடைசி இரு சொற்களும் ஸூரத்து ஸாத்தில், நபி ஸுலைமான் (அலை) அவர்களின் முன் மாலை நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட உயர்சாதிக் குதிரைகளைக் குறிக்க வரும் சொற்கள்.